வயிற்றுப் புற்றுநோய் பரம்பரைச் சொத்து அல்ல

“அவங்க வீட்ல அது ஓடுதுல்லா” என்று எங்கள் வாசுதேவநல்லூர்ப் பக்கம் சொல்வார்கள். ‘அது’ என்றால் வயிற்றுப் புற்றுநோய். வாய்விட்டுப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தாத்தா அதில் போனார், பெரியப்பா அதில் போனார், இப்போது அப்பாவுக்கும் வந்துவிட்டது என்றால் அந்த வீட்டின் மேல் முத்திரை விழுந்துவிடும். பெண் கேட்டு வருகிறவர்கள் டீக்கடையில் விசாரித்துவிட்டுப் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு காலத்தில் இதைக் குலதெய்வக் குற்றம் என்றார்கள், சாபம் என்றார்கள். இப்போது நாலெழுத்துப் படித்தவர்கள் ‘ஜீன்’ என்கிறார்கள். புளியங்குடியில் கேட்டாலும் இதே பேச்சு, சிவகிரியில் கேட்டாலும் இதே பேச்சு. பெயர் மாறியிருக்கிறதே ஒழிய தீர்ப்பு மாறவில்லை: ரத்தத்தில் இருக்கிறது, வந்தே தீரும், நம்மால் என்ன செய்ய முடியும்?

இந்தத் தீர்ப்பு தவறானது. வெறும் தவறாக இருந்தால் போகிறது என்று விட்டுவிடலாம். இது ஆளைக் கொல்கிறது. அண்ணனுக்கு நோய் என்று தெரிந்ததும் தம்பி போய் வயிற்றைக் காட்டாமல் இருப்பதற்கும், ஆஸ்பத்திரி ஃபைலைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவதற்கும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று கீமோவைத் தள்ளிப்போடுவதற்கும் இந்த ஒரு நம்பிக்கைதான் காரணம். ஆகவே இதை முழுசாக எடுத்து உடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் எதிர்த்தரப்பில் இருக்கிற உண்மையை ஒப்புக்கொள்கிறேன். புற்றுநோய் மரபணுக்கள் கெடுவதால் வருகிற நோய்தான். இதில் சந்தேகமே இல்லை. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும், கட்டுக்கடங்காத வளர்ச்சியைத் தடுக்கிற மரபணுக்கள் சில இருக்கின்றன. டிபி53 என்பது அவற்றில் பெயர்பெற்றது. செல்லின் டிஎன்ஏ சேதப்பட்டால் செல் பிரிவதை நிறுத்திவைத்து, பழுது பார்க்க அவகாசம் கொடுத்து, பழுது தீராது என்றால் அந்தச் செல்லையே சாகச் செய்கிற புரதத்தை உண்டாக்குவது அது. அந்தப் புரதத்தை 1979இல் கண்டுபிடித்தார்கள். பத்து ஆண்டுகள் வரை அது புற்றை வளர்ப்பது என்றே விஞ்ஞானிகள் எண்ணியிருந்தார்கள். 1989இல்தான் அது தடுப்பது என்று தெளிவாயிற்று. இந்த டிபி53 கெட்டுப்போனால் சேதப்பட்ட செல் சாகாமல் பெருகும். வயிற்றுப் புற்றுநோயில் இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. 2014இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டத்தினர் 295 வயிற்றுக் கட்டிகளை அலசி நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஏறத்தாழப் பாதிக் கட்டிகள் குரோமோசோம்கள் தாறுமாறாகிப் போன வகை. அந்த வகையில் 71 சதவீதத்தில் டிபி53 கெட்டிருந்தது.

“அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், ஜீன் கோளாறு என்று” என்பார்கள். இங்கேதான் சறுக்கல். அந்த ஆய்வில் ஒவ்வொரு கட்டியையும் அதே நோயாளியின் ரத்தத்தோடோ கட்டியில்லாத திசுவோடோ பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். கட்டியில் இருந்த கோளாறுகளில் பெரும்பாலானவை ரத்தத்தில் இல்லை. அந்த மனிதர் பிறக்கும்போது இல்லை. அவருடைய அப்பாவிடமிருந்து வரவில்லை, அவருடைய பிள்ளைகளுக்குப் போகவும் முடியாது. அவருடைய வயிற்றுச் சுவரின் ஒரு மூலையில், ஏதோ ஒரு செல்லில், அவருடைய வாழ்நாளில் உண்டான சேதம் அது. ரத்தத்தில் ஓடுகிறது என்று ஊர் சொல்வதை ரத்தத்திலேயே தேடிப் பார்த்தாயிற்று. அங்கே அது இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இத்தகைய தடுப்பு மரபணு ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு, தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. ஒன்று கெட்டாலும் மற்றொன்று பெரும்பாலும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் போனால்தான் கட்டு அறுகிறது என்பதை ஆல்ஃபிரட் நுட்சன் 1971இல் குழந்தைகளின் விழித்திரைப் புற்றைக் கொண்டு காட்டினார். எனவே ஒரு பிரதி பிறவியிலேயே கெட்டு வந்தவருக்கும் மீதி ஒன்று கெடுகிற வரை நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

என்ன நடக்கிறது? ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வயிற்றுக்குள் குடியேறிவிடுகிறது. பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் இதை வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994இலேயே இதை உறுதிப்பட்ட புற்றுக்காரணி என்று அறிவித்துவிட்டது. இது இருக்கிற வயிறு ஆண்டுக்கணக்கில் அழற்சியிலேயே கிடக்கிறது. கொலம்பியாவில் பிறந்த பெலாயோ கொர்ரேயா என்ற நோய்க்குறியியல் அறிஞர் இதன் படிகளை வரிசைப்படுத்தினார்: நாள்பட்ட அழற்சி, பிறகு சுரப்பிகள் தேய்வது, பிறகு வயிற்றின் உட்சுவர் குடலின் சுவர்போல உருமாறுவது, பிறகு செல்கள் கோணலாவது, கடைசியில் புற்று. இருபது, முப்பது ஆண்டுகள் நடக்கிற வேலை இது. வயிற்றின் உட்சுவர் சில நாளுக்கொரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிற உறுப்பு. அழற்சி இருக்கும்போது செல்கள் இன்னும் வேகமாகப் பிரிகின்றன, ஒவ்வொரு பிரிவிலும் பிழை விழ வாய்ப்பு கூடுகிறது.

இந்தக் கிருமி மரபணுவை அடிக்கிற விதம் ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. எழுத்து மாறாமலேயே மரபணுவை ஊமையாக்க முடியும். மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சிறு வேதிக்கூட்டம் போய் ஒட்டிக்கொண்டால் அது வேலை செய்யாமல் நின்றுவிடும். நாள்பட்ட அழற்சி இப்படி ஒட்டவைக்கிறது. சிடிஎச்1 என்ற தடுப்பு மரபணு வயிற்றில் ஊமையாவது பல நேரம் இந்த வழியில்தான். கிருமியை மருந்து கொடுத்து ஒழித்தபின் மறுபடி சோதித்தபோது பலரிடம் இந்த ஒட்டு குறைந்திருந்ததைச் சில ஆய்வுகள் கண்டன. மரபணு என்றாலே கல்லில் வெட்டிய எழுத்து என்று நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

கிருமியோடு சேர்ந்துகொள்வது உப்பும் புகையும். அளவுக்கு மீறிய உப்பு வயிற்றுச் சுவரின் மேலுள்ள சளிப் படலத்தைச் சிதைத்துக் கிருமிக்கு வழிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் உப்புக்கண்டமும் மோர்மிளகாயும் ஊறுகாயும் ஒரே தட்டில் சேர்கிற நாளில் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? பீடியைப் பற்றிப் பேசுவது இந்த மாவட்டத்தில் இன்னும் கஷ்டம். தென்காசிச் சீமையில் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு அதிலிருந்து வருகிறது. அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் கஜலட்சுமியும் டாக்டர் சாந்தாவும் நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டுச் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வு, புகைப்பவர்களுக்கு வயிற்றுப் புற்று வரும் ஆபத்து கூடுதல் என்று காட்டியது. பீடி பிடிக்கிறவர்களுக்கு அது இன்னும் கூடுதல். சுற்றுகிற பெண்ணைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குடிக்கிற ஆணுக்கு வந்த நோயைத் தாத்தாவின் ரத்தத்தில் போட்டுவிட்டுப் பீடிக்கட்டைத் தப்பவிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அப்படியானால் ஒரே வீட்டில் மூன்று பேருக்கு எப்படி வருகிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் ஒருவருக்கு ஆபத்து ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்கு என்பது உண்மை. ஆனால் ஒரு வீட்டார் பகிர்ந்துகொள்வது ரத்தத்தை மட்டுமா? இந்தக் கிருமி அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்கு, நெருக்கமாக வாழ்கிற வீட்டில் வாய்வழியாகவே போகிறது. ஒரே பானைத் தண்ணீர், ஒரே உப்புக் கை, அப்பா வைத்துவிட்டுப் போன பீடிக்கட்டைப் பார்த்து வளர்ந்த மகன். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன அக்காளும் பத்து வயதில் அதே வீட்டில்தான் இருந்தாள். வடக்கு ஐரோப்பிய நாடுகளில் 44,788 இரட்டையர் சோடிகளை வைத்து 2000இல் வெளியான ஆய்வு, வயிற்றுப் புற்றில் பிறவி மரபின் பங்கை 28 சதவீதம் என்று கணக்கிட்டது. மீதிப் பெரும்பங்கு வாழ்ந்த சூழலுடையது.

ரத்தமே காரணம் என்றால் விளக்க முடியாத சங்கதிகள் இன்னும் இருக்கின்றன. ஜப்பானிலிருந்து ஹவாயிக்குக் குடிபோனவர்களின் பிள்ளைகளுக்கு இந்த நோய் தாய்நாட்டில் இருந்தவர்களைவிடக் குறைந்தது. 1930கள் வரை அமெரிக்காவில் புற்றுநோய்ச் சாவுகளில் முன்வரிசையில் இருந்தது வயிறு. பிறகு மளமளவென்று சரிந்தது. குளிர்பதனப் பெட்டி வந்தது, உப்பில் ஊறிய இறைச்சி குறைந்தது, வீடுகள் சுத்தமாயின, கிருமி தொற்றுவது குறைந்தது. இரண்டு தலைமுறையில் ஒரு தேசத்தின் ரத்தம் மாறிவிடாது. நம் சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கிய 1980களில் ஆண்களிடம் வயிறுதான் முதலிடத்தில் இருந்தது. பிற்பாடு நுரையீரல் முந்திவிட்டது. இந்தியாவிலேயே வயிற்றுப் புற்று மிக அதிகமாக உள்ள மாநிலம் மிசோரம். அங்கே புகையூட்டிய இறைச்சியும், புகையிலைப் புகையைத் தண்ணீரில் பிடித்துக் குடிக்கிற பழக்கமும் உண்டு.

மெய்யாகவே பரம்பரையாக வருகிற வகை ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசினால் என் வாதம் நேர்மையாக இராது. நியூசிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பம். முப்பது ஆண்டுகளில் அந்த உறவுமுறைக்குள் இருபத்தைந்து பேர் வயிற்றுப் புற்றில் இறந்தார்கள். பதினான்கு வயதுப் பிள்ளையும் அதில் அடக்கம். சாபம் என்று அங்கேயும் சொன்னார்கள். அந்தக் குடும்பத்தினரே ஓடாகோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களைத் தேடிப் போனார்கள். பாரி கில்ஃபோர்டின் குழு 1998இல் விடையைக் கண்டது: சிடிஎச்1 மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே கெட்டிருந்தது. விடை தெரிந்தபின் அங்கே நடந்ததை நம்மூரில் யாரும் சொல்வதில்லை. பெற்றவரிடம் கோளாறு இருந்தாலும் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது வரவில்லை. சோதனை செய்து அவர்களை நிம்மதியாக அனுப்பினார்கள். வந்தவர்களில் சிலர் முன்கூட்டியே வயிற்றை எடுத்துக்கொண்டார்கள், சிலர் எண்டோஸ்கோப்பிக் கண்காணிப்பில் இருந்தார்கள். பூட்டிவைத்திருந்தால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்கள்! இந்தக் கோளாறோடு பிறந்தவர்களுக்குப் புற்று வரும் வாய்ப்பு எழுபது சதவீதம்வரை என்று முன்பு கணக்கிட்டிருந்தார்கள். 2019இல் வந்த ஒரு பெரிய ஆய்வு ஆண்களுக்கு 42, பெண்களுக்கு 33 சதவீதம் என்று குறைத்தது. உலகின் வயிற்றுப் புற்றுகளில் இந்த வகை நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று மட்டுமே. அந்த மூன்றைக் காட்டி மீதித் தொண்ணூற்றேழு வீடுகளின் மேல் முத்திரை குத்துகிறோம்.

என் வாதத்துக்கு மிகப் பெரிய பலம் கொரியாவிலிருந்து வருகிறது. அங்கே வயிற்றுப் புற்று நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளாக உள்ளவர்களில் இந்தக் கிருமி இருந்த 1,676 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்குக் கிருமி ஒழிப்பு மருந்தும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். மருந்து பெற்றவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் புற்று வந்தது. 2020இல் வெளியான முடிவு. ‘அது ஓடுகிற’ வீட்டு ஆட்களே அத்தனை பேரும். அவர்களுடைய ரத்தம் அப்படியேதான் இருந்தது. வயிற்றில் ஒரு கிருமி மட்டும் போயிற்று, ஆபத்து பாதிக்கும் கீழே இறங்கியது. 2023இல் ஜப்பானிலிருந்து வந்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. டிஎன்ஏவைப் பழுதுபார்க்கிற சில மரபணுக்கள் பிறவியிலேயே கெட்டிருந்து, கூடவே இந்தக் கிருமியும் இருந்தால் 85 வயதுக்குள் வயிற்றுப் புற்று வரும் ஆபத்து 45.5 சதவீதம், மரபணு நன்றாக இருந்து கிருமி மட்டும் இருந்தால் 14.4. பிறவிக் கோளாறு உள்ளவர்தான் கிருமியை முதலில் விரட்ட வேண்டியவர். ‘ரத்தத்தில் இருக்கிறது, என்ன செய்ய முடியும்’ என்பது ஆபத்து அதிகம் உள்ளவரைப் பார்த்தே சொல்லப்படுகிற பொய்.

நோய் பரவுவதைப் பற்றியும் இதே விதிவாதம் பேசப்படுகிறது. “அது பரவுற ஜாதி, கத்தி வச்சா இன்னும் பரவும்” என்பார்கள். பரவு என்று கட்டளையிடுகிற ஒற்றை மரபணு எதுவும் வயிற்றுப் புற்றில் கண்டறியப்படவில்லை. சிடிஎச்1 உண்டாக்குகிற ஈ-கேடரின் என்ற புரதம் செல்லோடு செல்லைப் பிணைத்து வைத்திருப்பது. சங்கரன்கோவில் சந்தையிலிருந்து வருகிற பிச்சிப்பூச் சரத்தில் நார் அறுந்தால் எப்படி உதிரும்? அப்படித்தான் இந்தப் புரதம் போன செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக, உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, கல் பதித்த மோதிரம் மாதிரி தெரியும். கட்டியாகத் திரளாமல் வயிற்றுச் சுவருக்குள்ளேயே ஊர்ந்து, சுவரைத் துளைத்து, வயிற்றறையின் மேலுறைக்குள் சிந்துகின்றன. டிபி53 கெட்ட வகை பெரும்பாலும் கட்டியாக வளர்ந்து ரத்தக்குழாய் வழியே கல்லீரலுக்குப் போகும். இரண்டிலும் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோளாறுகளைச் சேர்த்துக்கொண்டே போகின்றன. அதற்குத் தேவைப்படுவது காலம். அந்தக் காலத்தை நாம்தான் கொடுக்கிறோம். வயிற்றின் மேற்படலத்துக்குள் நிற்கும்போதே ஜப்பானில் கண்டுபிடித்துக் குழாய் வழியாகவே செதுக்கி எடுத்துவிடுகிறார்கள். அங்கே அந்த நிலையில் பிடிபட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டைத் தாண்டி வாழ்கிறார்கள். கத்தி பரப்புவதில்லை. கத்தி போய்ச் சேர்கிறபோது நோய் ஏற்கெனவே பரவியிருக்கிறது.

காலத்தை எப்படிக் கொடுக்கிறோம் என்பதை மெடிக்கல் கடை வாசலில் அரைமணி நேரம் நின்றால் பார்க்கலாம். “நெஞ்செரிச்சலுக்கு ஒண்ணு குடுங்க” என்று ஐம்பது வயது ஆள் கேட்கிறார். பேன்டாப்ரசோல் அட்டையிலிருந்து நாலைந்து மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கிறார்கள். அமிலம் குறைகிறது, எரிச்சல் அடங்குகிறது, தொடக்கநிலைப் புற்றின் புண்கூட மேலோட்டமாக ஆறிவிடும். கேஸ், அல்சர் என்று சொல்லிக்கொண்டு ஆறு மாதம், ஒரு வருஷம் ஓடிப்போகும். சோறு இரண்டு கவளத்தில் நிறைந்துபோகிறது, எடை குறைகிறது, மலம் தார்போல் கறுப்பாகப் போகிறது என்ற கட்டத்தில் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ செங்கோட்டை, புனலூர் வழியாகத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கோ கிளம்புகிறார்கள். அங்கே போனபின் ‘முத்திப்போச்சு’ என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, “பாத்தியா, ரத்தத்துல இருந்தா விடாது” என்கிறார்கள். தாமதம் செய்த கொலைக்கு ஜீன் பழி சுமக்கிறது.

இந்த நம்பிக்கையை வியாபாரமாக்குகிறவர்களும் வந்துவிட்டார்கள். எச்சிலைக் குப்பியில் அனுப்பினால் எல்லாப் புற்றுநோய் ஆபத்தையும் சொல்லிவிடுகிறோம் என்று விளம்பரம் செய்கிறார்கள். குடும்பத்தில் யாருக்காவது ஐம்பது வயதுக்குள் இந்த மோதிர செல் வகை வந்திருந்தாலோ, ஒரே வழியில் இரண்டு பேருக்கு வயிற்றுப் புற்று வந்து அதில் ஒருவருக்காவது அந்த வகையாக இருந்தாலோ, அதோடு மார்பகத்தில் லோபுலர் வகைப் புற்றும் சேர்ந்து வந்திருந்தாலோ சிடிஎச்1 சோதனைக்குப் பொருள் உண்டு. அதையும் முதலில் நோயாளியின் ரத்தத்தில் செய்ய வேண்டும், மரபியல் ஆலோசகர் பக்கத்தில் இருக்க வேண்டும். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஒரு எண்டோஸ்கோப்பி எடுத்துக்கொள்ளலாம். குப்பி அறிக்கையில் எல்லாம் சரி என்று வந்துவிட்டால் பீடியும் கிருமியும் சும்மா இருந்துவிடுமா?

அரசின் பக்கமும் ஒரு ஓட்டை இருக்கிறது. தொற்றாநோய்த் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்கும் முன்கூட்டிய பரிசோதனை உண்டு. வயிற்றுக்கு இல்லை. ஊரில் உள்ள எல்லோருக்கும் கிருமி மருந்து கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தைவானின் மாட்சூ தீவில் 2004 முதல் அப்படிச் செய்து வயிற்றுப் புற்றை 53 சதவீதம் குறைத்தார்கள். அது சின்னஞ்சிறு தீவு. இங்கே பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி இருக்கிறது, பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை, ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமிகளும் பெருகியிருக்கின்றன. ஆனால் நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள்? ஒரு வீட்டுக்கு ஏழெட்டுப் பேர். அவர்களைக் கூப்பிட்டுச் சோதிக்கிற வேலையை மாவட்டத் தலைமை மருத்துவமனையும் வட்டார மருத்துவமனைகளும் செய்ய முடியும்.

கூப்பிடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தால் அவருடைய பயாப்சி அறிக்கையை எடுத்து அடியில் பாருங்கள். எச். பைலோரி காணப்படுகிறதா இல்லையா என்று பல அறிக்கைகளில் ஒரு வரி இருக்கும். கீமோ எத்தனை, செலவு எத்தனை என்ற கவலையில் அந்த வரியை யாரும் படிப்பதில்லை. ‘காணப்படுகிறது’ என்றிருந்தால் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும். ‘இல்லை’ என்றிருந்தாலும் சோதித்துக்கொள்ள வேண்டும். சுவர் தேய்ந்து போன வயிற்றில் அந்தக் கிருமி பிழைக்க முடியாமல் போய்விடுவதுண்டு. மூச்சுச் சோதனை உண்டு, மலச் சோதனை உண்டு, எண்டோஸ்கோப்பியில் எடுத்த சதைத் துணுக்கை அங்கேயே சோதிக்கிற முறையும் உண்டு. சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே பேன்டாப்ரசோல், ஒமிப்ரசோல் மாத்திரைகளையும், நாலு வாரம் முன்பே ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளையும் டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். இருந்தால் பெரும்பாலும் பதினான்கு நாள் மருந்து, இரண்டு ஆன்டிபயாட்டிக்காவது இருக்கும், வாய் கசக்கும், வயிறு போகும், நடுவில் நிறுத்தக்கூடாது. முடித்து ஒரு மாதத்துக்குப் பிறகு கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் அதோடு ஒரு எண்டோஸ்கோப்பியும் எடுத்துவிட வேண்டும்.